மெயின் ரோட்டிலிருந்து லயம் வரை: மலையகப் பெண்கள் பத்திரமாக வீடு சேர

இலங்கை மலையகத்தில் வேலைக்கும் வகுப்புக்கும் போய்வரும் பெண்ணுக்கு ஆபத்து அதிகமான இடம் டவுன் இல்லை. டவுனில் வெளிச்சம் இருக்கிறது, கடை இருக்கிறது, நாலு பேர் இருக்கிறார்கள். பஸ் உங்களைத் தோட்டச் சந்தியில் இறக்கிவிட்டுப் போன பிறகு, லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) வரைக்கும் தேயிலைக்கு நடுவே நடக்கிற அந்த அரை மணி நேரம்தான் கவனிக்க வேண்டியது. அதனால் இந்தக் குறிப்புகளும் அங்கிருந்தே தொடங்குகின்றன. முதலில் ஒன்று: பெண்ணை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதைப் பாதுகாப்பு என்று நாங்கள் சொல்லமாட்டோம். குற்றம் செய்கிறவன்மீதுதான் குற்றம். இங்கே எழுதியிருப்பது எல்லாம், நினைத்த இடத்துக்குப் போய்த் திரும்பி வருவதற்கான வழி.

பாதையைப் பகலில் ஒருமுறை கணக்கெடுங்கள்

பழகிய பாதைதான். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு, சந்தியிலிருந்து வீடு வரை மெதுவாக நடந்து பாருங்கள். பார்க்க வேண்டியது இரண்டு விஷயம். ஓடிப்போய்க் கதவைத் தட்டக்கூடிய இடங்கள் எவை? ஆள் மறைந்து நிற்கக்கூடிய இடங்கள் எவை?

முதலாவதில் வருபவை: ஸ்டோரு (தேயிலைத் தொழிற்சாலை), டிஸ்பென்சரி, ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ், கோயில், சந்திக் கடை, பாதையோரத்து முதல் லயம். கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் ஸ்டோருவில் இரவிலும் வேலை நடக்கும். வாசலில் வாட்ச்சர் இருப்பார். அவர் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மனுசர் திரும்பிப் பார்ப்பது வேகம். பகலில் ஆள் நிறைந்திருக்கும் பிள்ளைக் காம்பரா (குழந்தைக் காப்பகம்) சாயங்காலம் பூட்டிக் கிடக்கும். அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டாவதில் வருபவை: பாலத்தடி, கைவிடப்பட்ட பழைய லயம், கவ்வாத்து வெட்டாமல் உயர்ந்துபோன தேயிலை, சவுக்கு மரத் தோப்பு, தவறணைக்கு (சாராயக் கடைக்கு) போகும் ஒற்றையடிப் பாதை.

குறுக்குப் பாதை பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும். பகலில், ஆட்கள் மலையில் கொழுந்தெடுக்கும் நேரத்தில் அதில் போவதில் தவறில்லை. இருட்டின பிறகு வண்டிப் பாதையிலேயே போங்கள். குறுக்கில் ஒருவர் எதிரே வந்தால் விலகி நிற்கக்கூட இடம் இருக்காது. படிக்கட்டு ஈரமாக இருந்தால் ஓடவும் முடியாது.

இருட்டு எப்போது விழும் என்பதும் மாதத்துக்கு மாதம் மாறும். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், பெப்ரவரியில் 6.20 வரை இருக்கும். பள்ளத்தில் இருக்கும் டிவிசன்களில் (தோட்டப் பிரிவுகளில்) மலை மறைப்பதால் அதற்கும் முன்பே மங்கிவிடும். பனிமூட்டம் இறங்கினால் நாலு மணிக்கே பத்தடிக்கு அப்பால் தெரியாது. சம்பள நாளிலும் அட்வான்ஸ் நாளிலும் தவறணைப் பக்கம் கூட்டம் கூடும், கையில் காசும் இருக்கும். அந்த நாட்களில் மட்டுமாவது ஒரு பஸ் முந்தி வருவதற்குப் பாருங்கள்.

டோர்ச், குடை, காது

போன் லைட்டை நம்பி நடக்காதீர்கள். பேட்டரி தீர்ந்தால் வெளிச்சமும் போகும், அழைப்பும் போகும். சின்ன டோர்ச் ஒன்று பையின் வெளிப்பக்கப் பாக்கெட்டில் இருக்கட்டும். தேடாமலே கை அதில் படவேண்டும். பனிக்குள் டோர்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்தால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும், எதுவும் தெரியாது. இடுப்புக்குக் கீழே பிடித்துப் பாதையில் அடியுங்கள். பனி இல்லாத இரவில் வளைவுக்கு முன்னால் ஒருமுறை தூரத்துக்கு அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். தேயிலைக்குள் சிறுத்தை இறங்கும் தோட்டங்களிலும் இதே பழக்கம் உதவும்.

மழையில் குடையை முகத்தை மறைத்துச் சாய்த்துப் பிடிப்போம். அப்போது முன்னால் வருபவரின் கால் மட்டும்தான் தெரியும். ஜாக்கெட் தொப்பி இரண்டு பக்கப் பார்வையையும் அடைத்துவிடும். தலை நனையாமல் இருக்கக் குடை போதும், தொப்பியைத் தள்ளிவிடுங்கள். மழைச் சத்தத்தில் பின்னால் வரும் காலடி கேட்காது என்பதால் மழையில்தான் அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டும். இயர்போன் பஸ்ஸோடு முடியட்டும்.

யாரோ பின்னால் வருகிறார் என்று தோன்றினால், கொண்டை ஊசி வளைவு உங்களுக்குத் துணை. வளைந்து மேலே ஏறியதும், நீங்கள் இப்போது நடந்துவந்த பாதையே கீழே கண்ணெதிரே கிடக்கும். தலையைத் திருப்பாமலே ஆளைப் பார்க்கலாம். அங்கே நின்று செருப்பைச் சரிசெய்வதுபோல் குனியுங்கள். தன் வேலையாய் வருகிறவர் அதே வேகத்தில் கடந்து போய்விடுவார். நீங்கள் நின்றதும் அவரும் நின்றால், நீங்கள் வேகம் கூட்டியதும் அவரும் கூட்டினால், சந்தேகத்துக்கு இடமில்லை. உடனே பக்கத்து டோர்ச் வெளிச்சத்தையோ லய வெளிச்சத்தையோ நோக்கிப் போங்கள். சொந்தக் காம்பராவில் (லயத்து வீட்டில்) அந்த நேரம் ஆள் இல்லை என்றால் அங்கே போகவேண்டாம். ஆள் இருக்கும் முதல் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். போகும்போதே சத்தமாகக் கூப்பிடுங்கள்: “அண்ணே, டோர்ச்ச எடுத்துக்கிட்டு வாங்க, நான் பாலத்துக்கிட்ட வந்துட்டேன்!” பள்ளத்தாக்கில் குரல் வெகுதூரம் போகும். மேலே உண்மையில் அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது.

இதைவிட நல்லது, ஒரே பஸ்ஸில் இறங்குகிறவர்கள் சேர்ந்து நடப்பது. டியூஷன் பிள்ளைகள், டவுன் கடைகளில் வேலை செய்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவர்கள் எல்லாம் ஒரே பஸ்ஸைப் பிடிக்கும்படி பேசிவைத்துக்கொண்டால் தனியாக நடக்கிற நாட்களே குறைந்துபோகும். கடைசிக் காம்பராக்காரியை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு மற்றவர்கள் திரும்புங்கள். துணை விட்டுப்போவது பெரும்பாலும் அந்தக் கடைசித் தூரத்தில்தான்.

பஸ்ஸுக்குள்

ஐ.நா. சனத்தொகை நிதியம் இலங்கையில் 2015இல் நடத்திய ஆய்வில் பங்குபற்றிய பெண்களில் 90 சதவீதம் பேர் பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொந்தரவைச் சந்தித்திருந்தார்கள். பொலிஸுக்குப் போனவர்கள் 4 சதவீதம். ஆகவே, “எனக்கு மட்டும்தான் நடக்குதோ” என்று மனதுக்குள் புழுங்கவேண்டிய விஷயமில்லை இது.

மலைப் பாதையில் தொந்தரவு செய்கிறவனுக்கு ஒரு சாக்கு தயாராக இருக்கும்: “வளைவுல சாஞ்சிட்டேன்.” அதை இப்படிப் பிரித்தறியலாம். வளைவில் நிற்கிற எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். பஸ் நேரானதும் எல்லோரும் நிமிர்வார்கள். நிமிராத உடம்பு வேண்டுமென்றே சாய்ந்த உடம்பு. இன்னும் நிச்சயம் வேண்டுமானால் அரை அடி நகர்ந்து பாருங்கள். அவனும் நகர்ந்தால் முடிந்தது, அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

அப்போது பேச வேண்டியது அவனிடம் அல்ல, பஸ்ஸிடம். சட்டை நிறத்தைச் சொல்லுங்கள்: “நீலச் சட்டக்காரரே, கைய எடுங்க!” எல்லோர் கண்ணும் அந்த நீலச் சட்டைக்குப் போகும்; அவனுக்கு நழுவ இடமிருக்காது. பஸ்ஸில் சிங்களம் பேசுகிறவர்கள் அதிகமாக இருந்தால் இரண்டு வாக்கியம் போதும்: “அத்த அஹக்கட கன்ன!” (கையை எடு), “மே மினிஹா மட்ட கரதர கரனவா!” (இந்த ஆள் எனக்குத் தொந்தரவு செய்கிறான்). வீட்டில் சத்தமாக நாலு தடவை சொல்லிப் பழகுங்கள். பழகாத வாக்கியம் அந்த நேரத்தில் தொண்டையிலேயே நின்றுவிடும். பிறகு கொண்டக்டர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

ஊக்கால் குத்துவது நம் பெண்களின் பழைய தற்காப்பு. நாங்கள் அதைச் சிபாரிசு செய்வதில்லை. வளைவில் கை தடுமாறினால் பக்கத்துப் பிள்ளைக்குப் படும். அவன் உடனே “என்னைக் குத்திட்டாள்” என்று கதையைத் திருப்பிவிடுவான். முழங்கையை வெளியே நீட்டி, பையை உடம்புக்கும் அவனுக்கும் நடுவில் வைப்பது நல்ல தடுப்பு.

மெஷினில் அடித்துத் தரும் டிக்கெட்டை வீசாதீர்கள். பெரும்பாலும் அதில் பஸ் இலக்கமும் நேரமும் இருக்கும். கொண்டக்டரே தொந்தரவு செய்தாலோ, முறைப்பட்டும் கண்டுகொள்ளாமல் விட்டாலோ, 79, 99 போல மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955க்குச் சொல்லலாம். மாகாணத்துக்குள்ளேயே ஓடும் பஸ்ஸுக்கு மாகாணப் போக்குவரத்து அதிகார சபைதான் பொறுப்பு.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இறங்கும் நேரத்தைப் பார்த்து ஏறுங்கள். ஹட்டனுக்கு நாலைந்து மணித்தியாலம். இரவு பத்துக்கு ஏறினால் தோட்டத்துப் பஸ் எதுவும் ஓடாத நேரத்தில் இறங்கி நிற்பீர்கள். நடுச்சாமத்துக்குப் பிந்திய பஸ்ஸாகப் பார்த்தால் விடியும்போது இறங்கலாம்.

ரயிலும் ஆட்டோவும்

கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீட்டருக்கும் அதிகம். பெட்டியில் லைட் எரியாவிட்டால் ஒன்றும் தெரியாது. அந்த இருட்டுக்காகவே காத்திருக்கிறவர்கள் உண்டு. சுரங்கம் வருமுன் வாசல் பக்கத்தை விட்டு உள்ளே வந்து, முதுகைச் சுவரோடு சேர்த்து, பையை முன்னால் பிடித்து, டோர்ச்சைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டோவில் ஏறுமுன் இலக்கத் தகட்டைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். டிரைவர் பார்க்கும்படி எடுப்பதே நல்லது. வழியில் “இவரும் அந்தப் பக்கம்தான்” என்று இன்னொரு ஆணை ஏற்றினால், வெளிச்சமான இடத்தில் இறங்கிவிடுங்கள்.

போனில் முதலே செய்துவைக்க வேண்டியது

வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷன் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவில் இருக்கும். ஒரு மணியைத் தெரிவுசெய்து, சிக்னல் இருக்கும் சந்தியிலேயே அனுப்புங்கள். பள்ளத்தில் இறங்கியதும் டேட்டா அறுந்தால் படத்தில் நீங்கள் அதே இடத்தில் நிற்பதுபோல் காட்டும். வீட்டார் பதறுவார்கள், அல்லது அதுவே பழகி அலட்சியமாகிவிடுவார்கள். அதனால் கூடவே ஒரு எஸ்எம்எஸ்: “6.10 சந்தி. 6.40க்கு வீடு.” 6.50 ஆகியும் வராவிட்டால் யார் டோர்ச்சோடு கிளம்புவது என்பதையும் முன்பே முடிவுசெய்துவையுங்கள். ஆள் கிளம்பாத எஸ்எம்எஸ்ஸால் பயனில்லை.

மனப்பாடமாக இருக்க வேண்டிய எண்கள்: பொலிஸ் அவசரம் 119, பெண்கள் உதவிக்கு 1938, சிறுபிள்ளைகள் விஷயத்துக்கு 1929, அம்புலன்ஸ் 1990.

நடந்துவிட்டால்

வார்த்தையாலோ செய்கையாலோ பாலியல் தொந்தரவு கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். வன்புணர்வு நடந்திருந்தால் குளிக்கவேண்டாம், உடுப்பைத் துவைக்கவேண்டாம். உடுப்பைக் கடதாசிப் பையில் போடுங்கள். பொலித்தீனில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போகலாம். அவசரக் கருத்தடை மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது. ஆஸ்பத்திரியில் ‘நட்பு நிலையம்’ எங்கே என்று கேளுங்கள். சிங்களத்தில் ‘மித்துரு பியச’ என்பார்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென்றே உள்ள இடம் அது.

பொலிஸில் பெண் உத்தியோகத்தர் வாக்குமூலம் எடுக்கும்படி கேளுங்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்ததிலிருந்து தமிழும் அரசகரும மொழி. தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். திகதி, நேரம், இடம், சட்டை நிறம், வாகன இலக்கம் ஐந்தும் அதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே வருமுன் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தமுறை போகும்போது அவர்கள் முதலில் கேட்பது அந்த இலக்கத்தைத்தான்.