கேவ்-இன்-ராக் குகைக்குக் கிளம்பும் முன் ஆற்று மட்டத்தைப் பாருங்கள்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒகையோ ஆற்றங்கரையில் உள்ள கேவ்-இன்-ராக் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? வானிலையை மட்டும் நம்பாமல், தேசிய வானிலைச் சேவை தளத்தில் ஷானிடவுன் என்ற ஊரில் ஆற்று மட்டத்தை அளக்கும் அளவுமானியைப் பாருங்கள். அன்றைய அளவு மட்டும் போதாது. அடுத்த நாட்களுக்கான முன்கணிப்பும் வேண்டும். முன்கணிப்பு வரைபடத்தில் கோடு மேலே ஏறினால் தேதியை மாற்றுங்கள்.

குகை வாய் ஆற்றைப் பார்த்தபடி கரையிலேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். மழை பெய்வது ஆற்றின் மேற்பகுதியில் எங்கோ, அதனால் இங்கே பளிச்சென்று வெயில் அடிக்கும்போதும் ஆறு உயரும். மறுகரையில் உள்ள கென்டக்கியிலிருந்து வருவோருக்கான இலவசப் படகும் அப்போது நின்றுவிடும்.

வெள்ளம் வடிந்ததும் உடனே குகைக்குக் கிளம்பிவிடாதீர்கள், தரையெல்லாம் வழுக்கும் சேறு.

மேலே குன்றில் சாப்பிட்டு, நடந்துவிட்டுத் திரும்பத்தான் திட்டம் என்றால் இந்தச் சோதனை வேண்டாம்.