வட்டார எல்லை மாறினால் கருத்துரை எழுதுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையின் கிழக்குப் பக்கம் ஒரு வட்டாரம் (உள்ளூராட்சி சபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் தொகுதி), மேற்குப் பக்கம் இன்னொன்று. மாரியில் வாய்க்கால் அடைத்தால் எந்த உறுப்பினரிடம் முறையிடுவது? 2018இல் வட்டார முறையில் தேர்தல் நடந்தபோதுதான் அந்தக் கோட்டின் பெறுமதி எனக்கு உறைத்தது. உள்ளூராட்சி உறுப்பினர்களில் 60 வீதத்தினர் வட்டாரங்களிலிருந்து வருகிறார்கள்.

எல்லை மாற்றத்துக்குக் கருத்துக் கேட்டு அறிவித்தல் வந்தால் முதலில் கடைசித் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் கிராம அலுவலர் பிரிவின் இலக்கத்தை (யாழ்ப்பாண மாவட்டத்தில் ‘ஜே’ என்று தொடங்கும்) தலைப்பிலேயே எழுதுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரே பெயரில் வடக்கு, தெற்கு, மத்தி என்று பல பிரிவுகள் உண்டு. இலக்கம் இல்லாவிட்டால் குழப்பம்தான்.

வரைபடம்தான் உயிர். நான் சனசமூக நிலைய மேசையில் தாளை விரித்து, இப்போதைய எல்லையைச் சிவப்பிலும் நாங்கள் கேட்கும் எல்லையை நீலத்திலும் வரைந்தேன். மதகு, பாடசாலை, பொதுக்கிணறு எல்லாவற்றையும் குறித்தேன். வாக்காளர் இடாப்பைப் பார்த்து, இடம் மாறும் வீடுகளையும் வாக்காளர்களையும் எண்ணி எழுதினேன். “மக்கள் சிரமப்படுகிறார்கள்” என்ற வரியைவிட அந்த எண்ணிக்கை பலமாகப் பேசும்.

சாதியையோ கட்சியையோ காரணமாக்காதீர்கள். அப்படிக் கேட்டு வாங்கும் எல்லை ஊரைப் பிரித்துவிடும். கோட்டின் இருபுறத்தாரிடமும் கையொப்பம் வாங்குங்கள். மறுப்பவர் சொல்லும் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

தமிழிலேயே எழுதலாம். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு குத்தி வையுங்கள்.