மாத்திரையை மறப்பது வேறு, வேண்டாம் என்பது வேறு

எனக்கு பைபோலார், அதாவது மனம் ஒரு சமயம் அளவுக்கு மீறிப் பொங்கி, இன்னொரு சமயம் சோர்ந்து விழும் நோய். மனநிலையைச் சமன்படுத்த பல வருடங்களாக லித்தியம் போடுகிறேன். மாத்திரையை விடாமல் போட என்ன வழி என்று கேட்டால், எல்லாரும் போனில் அலாரம் வைக்கச் சொல்வார்கள். மறதிக்காரருக்கு அது சரி. அலாரத்தை அணைத்துவிட்டு மாத்திரையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு?

அதனால் முதல் வேலை, போன மாதம் எந்தெந்த வேளை விட்டுப்போனது, ஏன் என்று யோசிப்பது. பயணம், விருந்தாளி, அசந்து தூங்கியது என்றால் மறதி. ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்’, ‘இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கழுத்தறுப்பு’ என்றால் அது மறதியில்லை, மனசில்லாமை.

மறதிக்கு வைத்தியம் சுலபம். ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை நிரப்பி, பல் தேய்க்கும் இடத்தில் வையுங்கள். ‘போட்டேனா, இல்லையா?’ என்ற குழப்பத்துக்குக் காலி அறையே பதில். ஒரு வாரத்துக்கு மருந்து மிச்சமிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். மூன்று வேளையை ஒரே வேளையாக்க முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். பல மருந்துகளுக்கு முடியும். விட்டுப்போனதற்கு ஈடாக இரண்டு மடங்கு போடவே கூடாது. பைபோலாருக்குத் தரும் இன்னொரு மருந்தான லாமோட்ரிஜின் போடுபவர்கள் தொடர்ந்து சில நாள் விட்டிருந்தால் பழைய அளவில் தாங்களாகவே மறுபடி ஆரம்பிக்கக் கூடாது. ஆபத்தான தோல் தடிப்பு வரலாம் என்பதால், டாக்டர் பெரும்பாலும் குறைந்த அளவிலிருந்துதான் மீண்டும் தொடங்குவார்.

மனசில்லாமைதான் பெரிய விஷயம். அதை டாக்டரிடம் மறைப்பவர்களுக்கு லித்தியத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. பாதி மாத்திரையை விட்டுவிட்டு, எல்லாம் ஒழுங்காகப் போடுவதாகச் சொல்கிறோம். ரத்தத்தில் அளவு குறைவாகக் காட்டுகிறது. டாக்டர் டோஸைக் கூட்டுகிறார். அப்புறம் ஏதோ ஒரு வாரம் ஞானோதயம் வந்து அத்தனையையும் ஒழுங்காகப் போட்டால், அளவு எகிறிவிடும். நீண்டகாலச் சிகிச்சையில் பலருக்கு ரத்தத்தில் லித்தியத்தை லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள்; 1.5-ஐத் தாண்டினால் நச்சு. இடைவெளி அவ்வளவு குறுகல். அதனால்தான் அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், அதுவும் கடைசி டோஸ் போட்டு 12 மணி நேரம் கழித்து. எத்தனை வேளை விட்டீர்கள் என்பதை உள்ளபடி சொன்னால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

பக்கவிளைவைச் சொல்லவும் ஒரு முறை இருக்கிறது. ‘ஒத்துக்கவில்லை டாக்டர்’ என்றால் அவர் என்ன செய்வார்? எனக்குக் கை நடுக்கம். நான் ஒரு தாளில் காலையில் ஒரு கையெழுத்தும் மாலையில் ஒன்றும் போட்டு எடுத்துப் போனேன். காலைக் கையெழுத்தின் கடைசிச் சுழி மட்டும் ரம்பப் பல்போல இருந்தது. டாக்டர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மாத்திரை போடும் நேரத்தையும் அளவையும் பற்றிக் கேட்டார். நேரத்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், நடுக்கத்துக்கென்று புரோப்ரனலால் என்ற மருந்தைச் சேர்க்கலாம். வழி நிறைய உண்டு. லேசான நடுக்கம் இப்படிப் பேசித் தீர்க்கக்கூடியது. ஆனால் கை பெரிதாக உதறுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது இவை வந்தால் அடுத்த டோஸைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். மருந்துக் கடையில் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பலரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவது இன்னொன்று: மனம் பொங்கும் ‘மேனியா’ நாட்களின் அந்த உற்சாகம் போய்விட்டதே என்ற ஏக்கம். தூக்கம் வேண்டாம், தலைக்குள் யோசனை ஊற்றெடுக்கும், பார்க்கிறவர்கள் எல்லாம் நம்மை ரசிப்பதுபோல் இருக்கும். அதை இழந்ததில் எனக்கு இன்றும் சந்தோஷமில்லை. இதையும் டாக்டரிடம் சொல்லலாம். நான் சொன்னபோது அவர் திட்டவில்லை, தைராய்டு பரிசோதனைக்குத்தான் எழுதினார். லித்தியம் சிலருக்குத் தைராய்டு சுரப்பைக் குறைத்துவிடும். மந்தமும் சோர்வும் அதனாலும் இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. லித்தியம் போடுகிறவர்கள் தைராய்டு, சிறுநீரகம், கால்சியம் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது வழக்கம்.

மனச்சோர்வு மாத்திரை போடுகிறவர்களுக்குத் தடங்கல் வேறு மாதிரி. பக்கவிளைவு முதல் வாரத்திலேயே வந்துவிடும், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். கைவிட ஏற்ற நேரம் அதுதான்போலத் தோன்றும், விடாதீர்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பதுபோன்ற உணர்வு வரலாம். பராக்செடினிலும் வென்லாஃபாக்சினிலும் இது அதிகம், ஃப்ளூவாக்செடினில் குறைவு. அடிமையாகிவிட்டோம் என்று பயப்பட வேண்டாம்; டோஸை மெல்லக் குறைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் நிறுத்தத்தான் வேண்டும் என்றால், ‘நிறுத்த விரும்புகிறேன், எப்படிக் குறைக்கலாம்?’ என்று டாக்டரிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. லித்தியத்தைக் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். ஒரேயடியாக நிறுத்தினால் மேனியா சீக்கிரமே திரும்பிவர வாய்ப்பு அதிகம். மனம் மிகவும் தாழ்ந்து சாவு எண்ணம் வரும் நாட்களில் டாக்டரிடம் உடனே பேசுங்கள். அந்தச் சமயத்தில் மருந்து இருப்பு வீட்டில் வேறொருவர் கையில் இருக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாகவே வாங்குங்கள்.

கடைசியாக, வீட்டார். நான் சத்தமாகச் சிரித்தாலும் கோபப்பட்டாலும் அக்காவிடமிருந்து வரும் கேள்வி ஒன்றே: ‘மாத்திரை போட்டியா?’ நியாயமான கோபத்துக்குக்கூட மரியாதை இல்லாமல் போனது. நான் தெளிவாக இருந்த ஒரு நாளில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். தினமும் கேட்கக் கூடாது. வாரம் ஒருமுறை டப்பாவை நானே காட்டுவேன். இரண்டு இரவு சரியாகத் தூங்காமலும் நான் களைப்பில்லாமல் இருந்தால், என்னைக் கேட்காமலே டாக்டருக்குப் போன் போடலாம். தாளில் எழுதி, டாக்டரிடமும் ஒரு நகல் கொடுத்திருக்கிறோம்.