லண்டனிலிருந்து ஒரே நாளில் பாரிஸ்

லண்டனின் செயின்ட் பான்க்ராஸ் நிலையத்திலிருந்து பாரிஸின் கார் து நோர் நிலையத்துக்கு யூரோஸ்டார் அதிவேக ரயிலில் சுமார் இரண்டே கால் மணி நேரம்தான். ஆனால் பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடும், அதனால் விடிகாலை முதல் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா வேண்டும். பிரான்ஸ் அதிகாரிகள் லண்டனிலேயே சோதித்துவிடுவார்கள், ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

இறங்கியதும் மெட்ரோ 4ஆம் தடத்தில் சிதே நிலையம். 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ருதாம் தேவாலயம் அங்கேதான், உள்ளே போகக் கட்டணமில்லை. தயவுசெய்து லூவர் அருங்காட்சியகம் வேண்டாம், அதற்கே ஒரு நாள் போதாது (செவ்வாய் விடுமுறை வேறு). அதற்குப் பதில் செய்ன் நதிக்கரையோரம் மெதுவாக நடந்து, ஆர்.இ.ஆர். சி புறநகர் ரயிலில் ஈஃபிள் கோபுரம் போங்கள். மேலே ஏற வரிசையில் நிற்பதைவிட எதிர்க்கரை த்ரொகதேரோவிலிருந்து பார்ப்பதுதான் அழகு.

அப்புறம் சாப்பாடு. கார் து நோர் பக்கத்திலேயே லா ஷப்பேல், ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த தெருக்கள். சூடாகக் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு நடந்தே நிலையத்துக்கு வந்துவிடலாம். திரும்பும்போதும் பாஸ்போர்ட் சோதனை உண்டு, அந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.