தடங்கலின்றி ஓடும் வீடியோ: தகவமைப்பு ஸ்ட்ரீமிங்கை நீங்களே அமைப்பது எப்படி?

ஒரு வீடியோ கோப்பைச் சர்வரில் ஏற்றி, அதன் முகவரியை இணையப் பக்கத்தில் கொடுத்துவிட்டால் வீடியோ ஓடத்தான் செய்யும். ஆனால் யாருக்கு ஓடும் என்பதுதான் கேள்வி. கோப்பு விநாடிக்கு 5 மெகாபிட் அளவில் இருந்தால், 2 மெகாபிட் இணைப்பில் பார்ப்பவருக்குத் திரையில் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருக்கும். எல்லோருக்கும் ஓடட்டும் என்று 1 மெகாபிட்டுக்குச் சுருக்கினால், பெரிய திரையில் பார்ப்பவருக்குக் கலங்கிய படம்தான் கிடைக்கும்.

தகவமைப்பு ஸ்ட்ரீமிங் இதற்கு ஒரு வழி சொல்கிறது. ஒரே வீடியோவைப் பல தரங்களில் உருவாக்கி வையுங்கள். ஒவ்வொன்றையும் சில விநாடித் துண்டுகளாக வெட்டுங்கள். அடுத்த துண்டை எந்தத் தரத்தில் எடுப்பது என்பதைப் பார்ப்பவரிடம் உள்ள பிளேயரே முடிவு செய்யட்டும்.

சர்வர்தான் இணைப்பின் வேகத்தை அறிந்து ஏற்ற தரத்தை அனுப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த முறையில் சர்வருக்கு ஒன்றுமே தெரியாது. கேட்ட கோப்பைக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. கணக்குப் போடுவது பிளேயர். 3 மெகாபிட் தரத்தில் 6 விநாடித் துண்டு என்றால் 18 மெகாபிட். அது 3 விநாடியில் வந்து சேர்ந்தால் இணைப்பின் வேகம் 6 மெகாபிட், மேலே ஏறலாம். 9 விநாடி எடுத்துக்கொண்டால் வேகம் 2 மெகாபிட்தான், இறங்க வேண்டும். இதோடு, கையிருப்பில் எத்தனை விநாடி வீடியோ இருக்கிறது என்பதையும் பிளேயர் பார்த்துக்கொள்ளும். ஆக, பிளேயர் எங்கே வேண்டுமானாலும் தடுமாறாமல் தரம் மாறும்படி கோப்புகளைத் தயாரித்து வைப்பதே நம் வேலை.

படி 1: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

எச்.எல்.எஸ்., டேஷ் என இரண்டு வடிவங்கள் பரவலாக உள்ளன. முன்னது 2009இல் ஆப்பிள் கொண்டுவந்தது. பின்னது 2012இல் ஐ.எஸ்.ஓ. தரநிலையாக வெளியானது. தொடக்கத்துக்கு எச்.எல்.எஸ். போதும். ஐபோனில் அது நேரடியாக ஓடும். மற்ற இடங்களில் ஓடவைப்பதும் எளிது. இதைப் பற்றி நீண்ட நேரம் யோசிக்க வேண்டாம். சிமாஃப் என்ற பொதுத் துண்டு வடிவம் வந்தபிறகு, ஒரே துண்டுகளை இரண்டுக்கும் பயன்படுத்த முடிகிறது.

படி 2: ஏணியை வகுத்துக்கொள்ளுங்கள்

தரங்களின் வரிசையை ஏணி என்பார்கள். 16:9 விகித வீடியோவுக்கு நான் தொடங்கும் அளவுகள் இவை:

1920 × 1080: விநாடிக்கு 5000 கிலோபிட்
1280 × 720: 2800 கிலோபிட்
854 × 480: 1400 கிலோபிட்
640 × 360: 800 கிலோபிட்

அடுத்தடுத்த படிகளுக்கு இடையே ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். நெருக்கமாக வைத்தால் கண்ணுக்கு வேறுபாடே தெரியாமல் சேமிப்பிடம் மட்டும் வீணாகும். 480க்கு அகலம் கணக்குப்படி 853.33 வரும், வழக்கமான வண்ண அமைப்பில் ஒற்றைப்படை அளவை என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் நிரல்) ஏற்காது என்பதால் 854. மூல வீடியோ 720பி என்றால் 1080 படியை விட்டுவிடுங்கள். இல்லாத நுணுக்கத்தைப் பெரிதாக்குவதால் வராது.

இந்த எண்கள் வேதவாக்கு அல்ல. அசையாத திரைப்பதிவுக்குப் பாதி போதும். விளையாட்டுக் காட்சிக்கு இன்னும் கேட்கும். நெட்ஃபிளிக்ஸ் 2015இலேயே எல்லாப் படங்களுக்கும் ஒரே ஏணி என்பதை விட்டு, ஒவ்வொரு படத்துக்கும் தனி ஏணி என்ற முறையை அறிவித்தது. சேமிப்பிடத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: நான்கையும் கூட்டினால் விநாடிக்கு 10 மெகாபிட். பத்து நிமிட வீடியோவுக்கு ஒலி நீங்கலாகச் சுமார் 750 மெகாபைட்.

படி 3: கீஃப்ரேம்களை ஒரே இடத்தில் நிறுத்துங்கள்

தொடக்கநிலையினர் பெரும்பாலும் தாண்டிப்போகும் படி இது. மற்ற எல்லாம் சரியாக இருந்தும் தரம் மாறும்போது படம் உடைந்தால், நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

வீடியோ என்பது ஃபிரேம்கள் எனும் தனிப்படங்களின் வரிசை. சுருக்கப்பட்ட வீடியோவில் எல்லா ஃபிரேம்களும் முழுப் படங்கள் அல்ல. இடையிடையே வரும் கீஃப்ரேம் மட்டுமே தனித்து நிற்கும் முழுப் படம். மற்றவை, அண்டை ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்து வைத்திருக்கும். 720 படியிலிருந்து 480 படிக்குத் தாவும் பிளேயர், புதிய துண்டைக் கீஃப்ரேமில்தான் தொடங்க முடியும். எனவே ஒவ்வொரு துண்டும் கீஃப்ரேமில் தொடங்க வேண்டும். அந்தக் கீஃப்ரேம்கள் நான்கு படிகளிலும் ஒரே நொடியில் விழ வேண்டும்.

என்கோடர் தானாக இதைச் செய்யாது. பரவலாகப் பயன்படும் எக்ஸ்264 என்கோடர், எதுவும் சொல்லாவிட்டால் 250 ஃபிரேம் வரை கீஃப்ரேம் இல்லாமலே போகலாம். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் அது 10 விநாடி. நீங்கள் 6 விநாடியில் வெட்டச் சொன்னாலும் கீஃப்ரேம் வரும்வரை வெட்டும் கருவி காத்திருக்கும். காட்சி மாறும் இடங்களில் தன் விருப்பப்படி ஒரு கீஃப்ரேமைச் செருகும் பழக்கமும் என்கோடருக்கு உண்டு. அந்த முடிவு 1080க்கும் 360க்கும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே இரண்டு கட்டளைகள் தேவை. காட்சி மாற்றத்தைக் கண்டு கீஃப்ரேம் வைப்பதை நிறுத்துங்கள். கீஃப்ரேம் இடைவெளியை 2 விநாடிக்கு நிலையாக வையுங்கள்: 25 ஃபிரேம் வீடியோவுக்கு 50, 30 ஃபிரேம் வீடியோவுக்கு 60. துண்டின் நீளம் அந்த இடைவெளியின் மடங்காக இருக்கட்டும். 6 விநாடி பொருந்தும். 5 விநாடி பொருந்தாது. கைபேசியில் எடுத்த வீடியோவில் ஃபிரேம் வேகமே நிலையாக இருக்காது என்பதால், முதலில் அதை ஒரு நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

படி 4: என்கோட் செய்து வெட்டுங்கள்

எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவி இரண்டையும் ஒருசேரச் செய்யும். மாதிரிக் கட்டளைகள் எங்கும் கிடைக்கின்றன. எதை எடுத்தாலும் அதில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: வீடியோவுக்கு எச்.264 சுருக்க முறை, ஒலிக்கு 128 கிலோபிட் ஏஏசி சுருக்க முறை, ஒவ்வொரு படிக்கும் சராசரி பிட்ரேட்டோடு (விநாடிக்கு எத்தனை பிட் என்ற அளவு) உச்சவரம்பு, மேலே சொன்ன இரண்டு கீஃப்ரேம் அமைப்புகள், 6 விநாடித் துண்டு நீளம், துண்டுகளின் பட்டியலான பிளேலிஸ்ட்டில் எல்லாத் துண்டுகளையும் வைத்திருக்கும் அமைப்பு. கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால், நேரலைக்கு ஆவதுபோலப் பிளேலிஸ்ட்டில் கடைசிச் சில துண்டுகள் மட்டும் எஞ்சி நிற்கும்.

உச்சவரம்பு ஏன்? சராசரி 2800 என்றாலும் வேகமான ஒரு காட்சியில் 8000க்குத் துள்ளினால், அந்தத் துண்டு பிளேயரின் கணக்கைக் குலைத்துவிடும்.

படி 5: முதன்மைப் பிளேலிஸ்ட்

ஒவ்வொரு படிக்கும் துண்டுகளைப் பட்டியலிடும் ஒரு பிளேலிஸ்ட் இருக்கும். அவை அனைத்தையும் சுட்டும் முதன்மைப் பிளேலிஸ்ட் ஒன்று வேண்டும். பிளேயருக்குத் தருவது இதன் முகவரியைத்தான். இது வெறும் உரைக் கோப்பு. திறந்து படித்துப் பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் உச்ச பிட்ரேட், திரை அளவு, கோடெக் (சுருக்க முறை) ஆகியவை இருக்கும். கையால் எழுதுவோர் கவனிக்க: பிட்ரேட்டைக் கிலோபிட்டில் அல்ல, பிட்டில் எழுத வேண்டும். ஒரு படிக்கு 5000000 என்பதற்குப் பதில் 5000 என்று எழுதினால், ஏணியிலேயே மலிவான படி அதுதான் என்று பிளேயர் நம்பிவிடும்.

படி 6: சர்வரும் பிளேயரும்

சாதாரண வெப் சர்வரே போதும். பிளேலிஸ்ட்டுக்கும் துண்டுகளுக்கும் உரிய கோப்பு வகையைச் சர்வர் சரியாகச் சொல்கிறதா என்று பாருங்கள். வீடியோ வேறு டொமைனில் இருந்தால் அதைப் படிக்கும் அனுமதியையும் அந்தச் சர்வர் தர வேண்டும். கணினியில் பக்கத்தை இரட்டைச் சொடுக்கில் திறந்து சோதிக்காதீர்கள். பிரவுசர் துண்டுகளை எடுக்க மறுக்கும். சிறிய உள்ளூர் சர்வர் ஒன்றை ஓடவிடுங்கள்.

சஃபாரி எச்.எல்.எஸ்.ஐத் தானே ஓட்டும். மற்ற பிரவுசர்களுக்கு எச்எல்எஸ்.ஜேஎஸ் என்ற திறமூல நிரலைப் பக்கத்தில் சேர்த்து, முதன்மைப் பிளேலிஸ்ட்டின் முகவரியைக் கொடுத்தால் ஓடும்.

படி 7: வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்

பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வீடியோவை ஓடவிடுங்கள். துண்டுகள் ஒவ்வொன்றாக வருவது தெரியும். இப்போது அங்கேயே இணைப்பின் வேகத்தை விநாடிக்கு 1 மெகாபிட்டாகக் குறையுங்கள். படம் உடனே மாறாது. கையிருப்பில் உள்ள உயர்தரத் துண்டுகள் ஓடி முடிய வேண்டுமல்லவா? ஆனால் பட்டியலைப் பாருங்கள், புதிய துண்டுகள் கீழ்ப்படியிலிருந்து வரத் தொடங்கியிருக்கும். கட்டுப்பாட்டை நீக்கினால் மேலே ஏறும். ஆனால் பெரும்பாலும் இறங்கிய வேகத்தில் ஏறாது. பிளேயர்கள் ஏறுவதில் நிதானம் காட்டும்படியே எழுதப்படுகின்றன.

இதே ஏற்பாட்டில் நேரலை செய்ய ஆசைப்பட்டால், துண்டு நீளத்தை மறுபடி யோசியுங்கள். எச்.எல்.எஸ். வரையறைப்படி பிளேயர் நேரலையின் முனையிலிருந்து குறைந்தது மூன்று துண்டு நீளம் பின்தங்கியே தொடங்க வேண்டும். 6 விநாடித் துண்டு என்றால் 18 விநாடித் தாமதம் அதிலேயே போய்விடும். 2 விநாடித் துண்டுக்கு அது 6ஆகக் குறையும், சர்வருக்கு வரும் கோரிக்கைகளோ மூன்று மடங்காகும்.