சாண்டா ஓணானைத் தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

தார் பாலைவனத்தின் முள்வால் ஓணானைப் பார்க்க ஜெய்சால்மர் போகிறவர்கள் பெரும்பாலும் நேரே மணல்மேடுகளுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே தேடிப் பயனில்லை. உள்ளூர்க்காரர்கள் சாண்டா என்று சொல்லும் இந்த ஓணான் வளை தோண்டி வாழ்வது. சரிந்து விழும் மணலில் வளை நிற்காது. சரளை கலந்து இறுகி, ஆங்காங்கே புல் முளைத்த சமதரைதான் அதற்கு வீடு.

சுற்றுலா சீசன் என்று டிசம்பர், ஜனவரியில் போனாலும் ஏமாற்றம்தான். குளிருக்குப் பயந்து வளைக்குள்ளேயே கிடக்கும். மார்ச்சுக்கு மேல் போங்கள். அப்போதும் விடிந்ததும் ஓட வேண்டாம், வெயில் கொஞ்சம் ஏறட்டும்.

வாய் மூடியிருக்கும் வளையைக் காலி என்று நினைத்து அதன்மேல் ஜீப்பை ஏற்றிவிடுகிறார்கள். உண்மையில் சாண்டா உள்ளே போனதும் மண்ணால் வாசலை அடைத்துக்கொள்ளும். அதனால் வண்டித்தடத்தை விட்டு விலகவே கூடாது. தோண்டி எடுத்துக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். விஷம் இருக்குமோ என்ற பயமும் வேண்டாம். வளர்ந்த சாண்டா பெரும்பாலும் புல்லும் இலையும் பூவும் தின்கிற சாதுவான பிராணி.

எனக்குப் பொறுக்கவே முடியாதது எண்ணெய் விவகாரம். மூட்டுவலிக்கும் ஆண்மைக்கும் நல்லது என்று வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் தெருவோரத்தில் சாண்டா எண்ணெய் விற்கிறார்கள். அது வெறும் கொழுப்பு. வால் அடியில் உள்ள அந்தக் கொழுப்புக்காக, பிடித்த ஓணான் ஓடாதபடி முதுகெலும்பை ஒடித்து உயிரோடு வைத்திருப்பார்கள். 'ஒரு பாட்டில்தானே, வாங்கிப் பார்ப்போம்' என்று நினைக்காதீர்கள். 2022 திருத்தத்துக்குப் பிறகு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிற உயிரினம் இது, வாங்குவதும் குற்றம்.

அப்புறம், சாண்டா வாழும் அந்தச் சமதரையைத் தரிசு என்று ஒதுக்கிவிடுவதும் தவறு. மரம் நட்டால் நல்லதுதானே என்று தோன்றும். குஜராத்தில் கட்ச் பகுதியின் பன்னி புல்வெளியில் உப்புநிலம் பரவாமல் தடுக்க 1961 வாக்கில் நட்ட சீமைக்கருவேலம் எப்படிப் படர்ந்தது என்று பாருங்கள். நம் ஊர்க் கண்மாய்களில் நடந்ததேதான் அங்கேயும். வெயில் காயத் திறந்த வெளியும் மேயப் புல்லும் போனால் சாண்டாவும் போய்விடும். அதைத் தின்று வாழும் கழுகு, லக்கார் வல்லூறு, பாலைநரி எல்லாவற்றுக்கும் இரை குறையும்.