ஏ பிரேம் கட்டி மட்டம் பார்த்து, சரிவுக் காட்டில் வரப்பு போடுவது எப்படி?

பென்னாகரம் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு. செம்மண், நடுநடுவே சரளை, மேற்கிலிருந்து கிழக்காகச் சாய்வு. முதல் தடவை அதில் வரப்பு போட்டது ஒரு வைகாசியில். அந்த ஐப்பசியில் ஒரே ராத்திரி மழை, மேல் வரப்பு ஒரு மூலையில் உடைந்து, ராகிப் பயிருக்கு நடுவே ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம் பறித்துக்கொண்டு போய்விட்டது. வரப்புக்குக் கனம் போதவில்லை என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கனத்தில் குறையில்லை, போட்ட கோடுதான் தப்பு, அது நெடுக ஒரே மட்டத்தில் போகவில்லை என்று எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

அடுத்த வருஷம் அதைக் கலைத்து மறுபடி போட்டோம். இந்தத் தடவை எங்கள் தெருப் பிள்ளைகளும் பக்கத்துக் காட்டுக்காரர்களும் கூடவே நின்று அளந்தார்கள். இரண்டு மழைக்காலம் தாண்டியும் நிற்கிறது. எப்படிச் செய்தோம் என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன். ஏ பிரேம் என்பது A எழுத்து வடிவில் கழிகளைச் சேர்த்து, நடுவில் நூலைத் தொங்கவிட்டு மட்டம் பார்க்கும் கருவி.

அளக்கும் முன்: ஊரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்

வரப்பு என்பது ஒருவர் காட்டோடு முடிகிற வேலை இல்லை. மேல்காட்டுத் தண்ணீர் கீழ்காட்டுக்குத்தான் வரும். அதனால் முதல் வேலை, பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கு மண் போவதைக் கண்ணால் காட்டுவது. 'மண்வளம் காப்போம்' என்று பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

நல்ல மழை பெய்த மறுநாள் காலையில், பயிர் இல்லாத வெற்று நிலத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள். சின்னச் சின்னக் கூழாங்கற்கள் தரையிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில், மண் தூண் மேல் தூக்கி வைத்தது போல நிற்கும். கல் எழும்பவில்லை. கல்லுக்கு அடியில் இருந்த மண் மட்டும் மழைத்துளியின் அடி படாமல் தப்பித்திருக்கிறது, சுற்றியிருந்தது போய்விட்டது. ஒரு பையன் அந்தத் தூணைத் தன் ஸ்கேலால் அளந்துவிட்டு, "அக்கா, இவ்வளவும் நேத்து ராத்திரி போனதா?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அவனுடைய தாத்தாவும் வந்து குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பெரியவர்களிடம் யூனிட் கணக்கில் பேசுங்கள். வீடு கட்ட மணல் வாங்கிய எவருக்கும் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி என்று தெரியும். ஒரு ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மேல்மண் போனால் அது 140 கன அடிக்கு மேல், அதாவது ஏறக்குறைய ஒன்றரை யூனிட். அதுவும் போவது நாம் எரு போட்ட மேல்மண். எங்கள் ஓடை சின்னாற்றில் சேர்கிறது, சின்னாறு ஒகேனக்கல்லில் காவிரியோடு கலக்கிறது, அப்புறம் மேட்டூர் அணை. "நம்ம எரு மேட்டூரில் கிடக்கிறது" என்று ஒரு அம்மா சொன்னார். அதற்குப் பிறகு நான் விளக்க எதுவும் இருக்கவில்லை.

மழை இல்லாத மாதம் என்றால் மூன்று தண்ணீர் பாட்டில்களை நீளவாக்கில் வெட்டி, ஒன்றில் வெறும் மண், ஒன்றில் மண் மேல் சருகு, ஒன்றில் புல்லோடு பெயர்த்த மண் வையுங்கள். மூன்றையும் ஒரே சாய்வில் வைத்து, ஒரே அளவு தண்ணீரைப் பூவாளியால் ஊற்றி, வாய்வழியாக வடிவதை டம்ளரில் பிடியுங்கள். மூன்று டம்ளரின் நிறமும் பேசிவிடும். புல் பாட்டிலை ஒரு வாரம் முன்பே தயார் செய்து வேர் பிடிக்க விடுங்கள். அன்றைக்கே பெயர்த்து வைத்தால் அதிலும் கலங்கல்தான் வரும்.

ஏ பிரேம் கட்டுவது

ஏழடி நீளத்தில் இரண்டு மூங்கில், குறுக்கே கட்ட ஒரு சின்ன மூங்கில், கொஞ்சம் நூல், ஒரு தூக்குக் குண்டு. இரண்டு கால்களையும் உச்சியில் சேர்த்து, கீழே பாதங்களுக்கு நடுவில் சரியாக 2 மீட்டர் இருக்கும்படி விரித்து, குறுக்குக் கழியைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து நேர்கீழே சுமார் ஒரு மீட்டரில் குறுக்குக் கழி வந்தால் நூலைப் பார்க்க வசதி. நூலை உச்சியில் கட்டுங்கள், அதன் முனையில் தூக்குக் குண்டு குறுக்குக் கழியைத் தாண்டித் தொங்க வேண்டும்.

கயிற்றால் கட்டாதீர்கள், போல்ட் போடுங்கள். மூங்கில் காய்ந்ததும் கயிறு தளரும், கால் அசையும், காலையில் பார்த்த மட்டம் மதியம் மாறிவிடும். குண்டுக்குக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதை விட, கொத்தனாரிடம் கேட்டு நிஜத் தூக்குக் குண்டே வாங்கிவிடுங்கள். கனமாக இருந்தால்தான் காற்றுக்கு ஆடாது. எங்கள் பக்கம் ஒன்பது மணிக்கு மேல் காற்று கிளம்பிவிடும், அதனால் விடிந்ததும் போய்விடுவோம்.

மொபைலில் மட்டம் பார்க்கும் ஆப் இருக்கிறதே என்று கேட்பார்கள். வெயிலில் திரை தெரியாது, பின்கவர் கொஞ்சம் புடைத்திருந்தாலும் அளவு தப்பும். அதோடு, ஆப் ஒரு எண்ணைக் காட்டுவதைப் பார்க்கிற பிள்ளைக்கு மட்டம் என்றால் என்ன என்று விளங்காது. தொங்குகிற நூல் அதை விளக்கிவிடும்.

நடுக்குறி போடுவது (இங்கேதான் நான் தவறினேன்)

நூல் குறுக்குக் கழியின் எந்த இடத்தில் விழுந்தால் இரண்டு பாதமும் ஒரே மட்டம்? முதல் வருஷம் நான் டேப் வைத்துக் கழியின் சரிபாதியை அளந்து கோடு போட்டுவிட்டேன். தப்பு. மூங்கில் வளைந்திருக்கும், ஒரு கால் அரை இஞ்ச் நீண்டிருக்கும், கழி கோணலாக ஏறியிருக்கும். பாதி என்பது மட்டம் ஆகாது.

சரியான முறை இது. மண்ணில் இரண்டு ஆணிமுளைகளை அடித்து, அவற்றின் தலை மேல் இரண்டு பாதங்களையும் வையுங்கள். இடம் மட்டமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நூல் நின்றதும், அது கழியைத் தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. இப்போது ஏ பிரேமை அப்படியே திருப்பி, வலக்கால் இருந்த முளை மேல் இடக்காலையும், இடக்கால் இருந்த முளை மேல் வலக்காலையும் வையுங்கள். மறுபடி ஒரு கோடு. இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருப்பதுதான் உண்மையான நடுக்குறி. இரண்டு கோடும் ஒரே இடத்தில் விழுந்தால் அந்த இடம் தற்செயலாகவே மட்டம், அந்தக் கோடே நடுக்குறி.

பாதம் அதே முளைத் தலையில், அதே புள்ளியில் உட்கார வேண்டும். வெறும் மண்ணில் வைத்தால் திருப்பும்போது ஒரு விரல் தள்ளிப்போகும், போட்ட வேலை வீண். நடுக்குறியை ரம்பத்தால் லேசாகக் கீறிவிடுங்கள், பென்சில் அழியும்.

என் கழியில் குறி அரை செ.மீ. விலகியிருந்தது. அரை செ.மீ.தானே என்று தோன்றும். நூல் ஒரு மீட்டர், பாத இடைவெளி 2 மீட்டர் என்றால், அரை செ.மீ. பிழை ஒவ்வொரு அடிவைப்பிலும் தரையில் 1 செ.மீ. ஆகிறது. 60 மீட்டர் வரப்புக்கு 30 அடிவைப்பு, ஆக 30 செ.மீ. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓரடி இறக்கம். தேங்க வேண்டிய தண்ணீர் வரப்பு ஓரமாகவே நடந்து போய், மூலையில் சேர்ந்து, உடைத்துக்கொண்டு போனது.

கோடு பிடிப்பது: தூக்காதீர்கள், சுழற்றுங்கள்

அந்த 30 செ.மீ. சேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் ஏ பிரேமைத் தூக்கித் தூக்கி முன்னால் வைத்தேன். எப்போதும் அதே கால் முன்னால். அதனால் பிழை ஒரே பக்கமாகக் கூடிக்கொண்டே போனது.

முன்காலை ஊன்றியபடியே வைத்துக்கொண்டு, பின்காலைக் கவராயம் சுழற்றுவது போல முன்னால் கொண்டு வாருங்கள். இப்படிச் செய்தால் முதல் அடிவைப்பில் ஏறிய பிழை அடுத்த அடிவைப்பில் இறங்கிவிடும். குறி கொஞ்சம் தப்பியிருந்தாலும் கோடு பெரிதாகத் தப்பாது.

முதல் முளையில் ஒரு கால். மறு காலை மேலும் கீழுமாக நகர்த்தி, நூல் நடுக்குறியில் நிற்கும் இடத்தில் அடுத்த முளை. அங்கிருந்து சுழற்றி அடுத்தது. புழுதி உழவு போட்ட நிலத்தில் கால் புதையும். உழவுக்கு முன், கோடை மழையில் மண் இறுகியிருக்கும்போதே அளந்துவிடுவது நல்லது.

கோடு வளைந்து வளைந்து போகும். சில இடத்தில் மேடு ஏறுவது போலவே தெரியும். எங்கள் கீழ்காட்டுப் பெரியவர், "என்னம்மா, இது மேட்டுக்குப் போகுதே" என்று நடுவில் நிறுத்திவிட்டார். கண் மலைச் சரிவோடு சேர்த்துப் பார்ப்பதால் ஏமாறுகிறது. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலை எடுத்து வந்து, அவர் கையிலேயே ஒரு முனையைக் கொடுத்து, முதல் முளையிலும் பத்தாவது முளையிலும் பிடித்தோம். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றது. அப்புறம் அவரே முளை அடிக்க வந்துவிட்டார்.

முளைகள் அடித்து முடிந்ததும், தனித்துத் துருத்திக்கொண்டிருப்பதை மட்டும் முன்னே பின்னே நகர்த்திக் கோட்டைச் சீராக்குங்கள். நூற்றுக்கு மூன்று சரிவில், அதாவது நூறு அடிக்கு மூன்றடி இறங்கும் நிலத்தில், ஒரு முழம் நகர்த்தினாலும் உயரம் ஒன்றரை செ.மீ.க்குள்தான் மாறும், பாதகமில்லை. அதற்கு மேல் நகர்த்த வேண்டாம். கோலமாவைத் தூவிக் கோட்டைத் தெரியும்படி போட்டுவிடுங்கள்.

எத்தனை அடிக்கு ஒரு வரப்பு?

டியூப் லெவலால் சரிவைப் பாருங்கள். சரிவு வாக்கில் 10 மீட்டர் தள்ளி இரண்டு குச்சி, உயர வித்தியாசம் 30 செ.மீ. என்றால் சரிவு நூற்றுக்கு மூன்று. அந்தச் சரிவுக்கு ஒரு வரப்புக்கும் அடுத்ததற்கும் உயரத்தில் 90 செ.மீ., தரையில் 30 மீட்டர் இடைவெளி. நூற்றுக்கு இரண்டு என்றால் 40 மீட்டர் வரை விடலாம். நூற்றுக்கு ஆறுக்கு மேல் சரிவு என்றால் இந்த வரப்பு தாங்காது, கல் அடுக்கிப் படிப்படியாகக் கட்ட வேண்டும்.

எப்போதும் மேட்டிலிருந்து தொடங்குங்கள். கீழே முதலில் போட்டால் மேல் தண்ணீர் முழுதும் அதன் தலையில்தான்.

மண் போடுவது

அடி அகலம் 4 அடி, மேல் அகலம் 1 அடி, உயரம் 2 அடி. இந்த அளவில் 20 அடி நீளத்துக்குச் சரியாக ஒரு யூனிட் மண். கூலிக்கு விடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும். மண்ணை வரப்பின் மேல்பக்கத்திலிருந்து எடுங்கள், வரப்பை ஒட்டி ஓரடி விட்டு. தொடர் வாய்க்காலாக வெட்டாமல் நடுநடுவே வெட்டாத மண்ணைக் கட்டையாக விட்டு வெட்டுங்கள். அரையடி போட்டதும் மிதித்து இறுக்கி, அப்புறம் அடுத்த அரையடி. புது மண் அமுங்கும், அதனால் கால் அடி கூடுதலாகவே ஏற்றுங்கள்.

கலிங்கு, அதாவது மிச்சத் தண்ணீர் வழியும் வாய், இல்லாத வரப்பு உடையும். 5 செ.மீ. மழைக்கு ஒரு ஏக்கரில் விழுவது சுமார் 2 லட்சம் லிட்டர், எல்லாவற்றையும் மண் குடிக்காது. வரப்பின் ஒரு பக்கத்தில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், கற்களைப் பதித்து மிச்சத் தண்ணீர் வழிய வழி விடுங்கள். அது விழும் இடத்திலும் கல் போடுங்கள். கலிங்குத் தண்ணீர் பக்கத்துக் காட்டில் எங்கே இறங்கும் என்று அந்தக் காட்டுக்காரரோடு நின்று பேசி முடிவு செய்யுங்கள்.

முதல் மழைக்கே வரப்பின் மேல் வெட்டிவேர் நட்டுவிடுங்கள், அரையடிக்கு ஒரு நாற்று. விதை விழுந்து காட்டுக்குள் பரவாது, வேர் ஆழமாக இறங்கும். ஆட்டுக்குத் தீவனம் வேண்டுமென்றால் கொழுக்கட்டைப் புல். வரப்பின் சரிவில் துவரையோ ஆமணக்கோ போட்டால் முதல் வருஷமே கொஞ்சம் காசு.

டிராக்டர்காரரிடம் வரப்போடு இணையாக உழச் சொல்லுங்கள். திருப்ப வசதி என்று மேலும் கீழுமாகத்தான் ஓட்டுவார்கள். கூடவே நின்று கேட்டு வாங்க வேண்டிய வேலை இது.

பின்சேர்க்கை, ஆவணி: கரிசல் மண்ணுக்கு இது ஆகுமா என்று கோவில்பட்டிப் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஆழமான கரிசலில் வேண்டாம். கோடையில் வரப்பே வெடிக்கும், முதல் மழை அந்த வெடிப்பில் புகுந்து அறுத்துவிடும். அங்கே தண்ணீர் மெல்ல வடியும்படி லேசான வாட்டம் வைத்துப் போடுகிற வரப்புதான் சரி.

பின்சேர்க்கை, ஐப்பசி: மேல்காட்டுக்காரர் ஒத்துவரவில்லை, அவர் தண்ணீர் மொத்தமும் என் முதல் வரப்பில் மோதுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். உங்கள் எல்லையின் மேல் ஓரத்தில், ஓடையை நோக்கிச் சின்ன வாட்டத்தில் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். வாய்க்கால் கரையிலும் புல் வேண்டும்.

பின்சேர்க்கை, கார்த்திகை: மழையே பெரிதாக இல்லாமல் வரப்பு கசிகிறது என்றால் எலிவளை. தண்ணீர் நிற்கும் பக்கம் வாயும் கீழ்ப்பக்கம் ஈரமும் தெரியும். வெளியே தெரியும் துளையை மட்டும் மூடினால் பயனில்லை. வளை போகும் வழியே கடப்பாரையால் தோண்டிக்கொண்டே போய், ஈரக் களிமண்ணை வைத்து இடித்து இறுக்கி, மறுநாள் காலையில் போய் மறுபடி பாருங்கள்.